சொடக்குத் தக்காளி ஜாமும் ஏழு வயிற்றுவலியும்

ஜனவரி 9

கோத்தகிரியில் இந்த மூன்று நாட்களாகச் சொல்லப்படுவது தவறு. மூன்று ராஜாக்கள் திருநாளன்று கோயில் தேநீர் விருந்துக்குப் பிறகு சிலருக்கு வயிற்றுவலி வந்தது உண்மை. அதற்கு என் ஜாம்தான் காரணம் என்பது உண்மையல்ல. பதினொரு பேர் என்கிறவர்களுக்கு எண்ணத் தெரியாது. ஏழு பேர். அவர்களில் ஒருவர் பங்குத்தந்தை தொபியாஸ். அவர் ஜாம் தடவிய ரொட்டி இரண்டு துண்டும் எங்கள் பங்கைச் சேர்ந்த மெர்சலின் கொண்டுவந்த கட்லெட் ஐந்தும் சாப்பிட்டார். ஐந்து கட்லெட்டை விட்டுவிட்டு இரண்டு துண்டு ரொட்டியைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயமோ.

ஜாமுக்கான பழம் என் தோட்டத்துச் சொடக்குத் தக்காளி. காகிதக் கூடு போன்ற உறைக்குள் கோலிக்குண்டு அளவில் பொன்னிறப் பழம். வேலியோரம் தானாக முளைத்து, பிள்ளைகள் நெற்றியில் அடித்துச் சொடக்குகிறார்களே, அதன் பெரிய இனம். குன்னூர் கான்வென்டில் நான் படித்தபோது மதர் பெர்னதெத் கொடுத்த விதை. இன்றுவரை அந்த விதை வழி அறுந்ததில்லை. மதர் சொன்ன விதி ஒன்றுதான்: கையால் பறிக்காதே, உதிர்ந்ததைப் பொறுக்கு. பழுத்தால்தான் உதிரும். காய் கசக்கும், வயிற்றைக் கெடுக்கும். நான் ஒரு பழத்தைக்கூடப் பறித்ததில்லை. ஆகவே என் ஜாமில் காய் இருக்க முடியாது. ஆகவே காரணம் கட்லெட்.

இதையே பெங்களூரிலிருந்து போன் செய்த மகள் டெல்ஃபினிடம் சொன்னேன். அவளுக்குத் தர்க்கம் பிடிப்பதில்லை.

"மெர்சலின் ஆன்ட்டி எல்லாம் சொன்னாங்க மம்மி. போன மாசம் கேஸ் அடுப்பை அணைக்காம விட்டிருக்கீங்க. இப்ப இது. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நானே வந்து, வீட்டைப் பூட்டி, உங்களைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

அடுப்பு விஷயமும் திரிக்கப்பட்டிருக்கிறது. நான் அணைக்கத்தான் போனேன். சுடர் கண்ணில் படவில்லை. அணைந்திருக்கிறது என்று எண்ணியது இயல்பு.

டெல்ஃபினின் வீடு பதினான்காம் மாடியில் இருக்கிறது. பால்கனியில் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறாள். வாரம் ஒருமுறை அதை ஈரத் துணியால் துடைக்க வேண்டுமாம். எழுபத்தாறு வயதில் புல்லைத் துடைக்க நான் போவதில்லை.

ஜனவரி 12

சமையலறை பல்பு மங்கிவிட்டது. மாற்றச் சொன்னேன். போன மாதம்தான் மாற்றியதாக வீட்டு வேலைக்கு வரும் யோகேஸ்வரி சொல்கிறாள். இப்போதெல்லாம் பல்பும் சரியில்லை, செய்தித்தாளில் மையும் குறைத்துவிட்டார்கள்.

ஜனவரி 18

ஃபாதர் தொபியாஸ் வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தாராம். இருட்டான மூலையில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்.

மார்ச் 19 சூசையப்பர் திருநாளுக்கு நான் 'கொஞ்சம் ஓய்வு' எடுத்துக்கொள்ளலாமே என்று இழுத்தார். கோயிலுக்கு முப்பத்தோரு ஆண்டுகளாக ஜாம் செய்கிறேன். இந்த முறையும் பன்னிரண்டு பாட்டில் வரும். முதல் கரண்டியை எல்லோர் முன்னிலையிலும் நீங்களே சாப்பிட வேண்டும் என்றேன். சம்மதித்தார். முகம் வெளுத்துப்போனதாகப் பிறகு யோகேஸ்வரி சொன்னாள்.

தவக்காலம் ஆயிற்றே என்று ஒரு வழி தேடினார். சூசையப்பர் திருநாளுக்கு விலக்கு உண்டு என்பதை அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஜனவரி 25

எதிரியைக் கண்டுபிடித்தேன். கோழி.

பக்கத்து வீட்டு ஜோகி கவுடர் நாற்பது ஆண்டு தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஆறு கோழி வளர்க்கிறார். அவை வேலி நுழைந்து என் செடிகளுக்கு அடியில் சீய்க்கின்றன. என் செடிகள் இடுப்புயரம். கிளை கனத்துச் சாயும் என்று மூங்கில் குச்சி நட்டுக் கட்டியிருக்கிறேன். கோழி முட்டினால் செடி ஆடும். ஆடினால் காய் விழும்.

இதை எழுதும்போது ஒரு சிறு சங்கடம் தெரிகிறது. கோழி காயை உதிர்க்கும் என்றால், உதிர்ந்ததெல்லாம் பழம் அல்ல என்று ஆகிறது. இது மதரின் விதியில் உள்ள குறை அல்ல. கான்வென்ட் தோட்டத்தில் கோழி இல்லை.

வேலியோரம் நின்று கவுடரிடம் நேராகவே சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். என் கணவர் எஸ்டேட் மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர் என்பதால் ஊரே என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும்.

"காயை உதிர்த்தது நம்ம கோழிதான் டாக்டரம்மா, ஒத்துக்கறனுங்க. ஆனா அதைப் பொறுக்கிக் கூடையில போட்டது கோழி இல்லைங்களே."

தேயிலைத் தூசியிலேயே ஆயுளைக் கழித்தவர்களுக்கு இப்படி ஒரு வறட்டுப் பேச்சு வந்துவிடுகிறது. திரும்பி நடந்தேன். வரும் வழியில் பூவாளியில் கால் இடறியது. அது நடைபாதையில் இருந்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 2

அடுத்த அறுவடை தொடங்கிவிட்டது. செடிகளுக்கு அடியில் பழைய படுக்கை விரிப்பு இரண்டை விரித்திருக்கிறேன். காலைப் பூசை முடிந்து வந்ததும் விரிப்பிலிருப்பதைப் பொறுக்கிக் கூடையில் சேர்க்கிறேன். யோகேஸ்வரி தொடக் கூடாது. அவள் அவசரக்காரி, உறையைக் கிழித்துவிடுவாள். உறையோடு காற்றாட வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் கெடாது. உறை கிழிந்த பழத்துக்கு மூன்று நாள் ஆயுள்.

பிஞ்சில் உறை பச்சை. பழுத்தால் வைக்கோல் நிறம், தொட்டால் சருகு போலச் சரசரக்கும். இதைக் குழந்தைகூடப் பிரித்துவிடும். என் கையிலிருந்ததை இரண்டு முறை சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

பிப்ரவரி 9

இந்த வாரம் உதிர்ந்தவை அருமை. ஒவ்வொன்றும் சரசரவென்று இருக்கிறது. ஒரு சொத்தை இல்லை, ஒரு காய் இல்லை. இந்த வருடம் சாண எரு குறைத்து மக்கின இலை போட்டேன். எரு அதிகமானால் இலைதான் மண்டும், பழம் வராது. ஊரார் அறிய வேண்டிய விஷயம் இது. மெர்சலினுக்குச் சொல்லலாம், பேச்சுவார்த்தை இருந்தால்.

பிப்ரவரி 11

என் தோழி ரோஸலின் சென்னையிலிருந்து பேசினாள். நான்கு வருடத்துக்கு முன்பு கண்புரை ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்கு ஒரு வாரம் என்று போனவள். வாரம் மாதமானது, மாதம் வருடமானது. போன ஜூனில் இங்கிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். கண் பிரமாதமாகத் தெரிகிறதாம். சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டேன். எதிர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி என்றாள்.

அவள் மகன் நல்லவன். ஒரு வாரம் என்று அவன் சொன்னபோது பொய் சொல்லவில்லை.

இது என்னைப் பற்றியது அல்ல. அவள் பேசினாள், அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரி 18

இன்று நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

காலை ஆறு மணி. பூசைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். பனி. செடிகளுக்கு நடுவே கறுப்பாக, பெரிதாக ஒன்று குனிந்துகொண்டிருந்தது. காட்டெருமை இந்தப் பக்கம் இறங்குவது வழக்கம்தான்; போன மாதம் போஸ்ட் ஆபீஸ் சுவரை ஒன்று உரசிவிட்டுப் போயிருக்கிறது. நான் பயப்படுகிறவள் அல்ல. துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எருமைகளிடம் பேச வேண்டிய குரலில், வெளியே போ என்றேன்.

காட்டெருமை நிமிர்ந்து, கம்பளியைச் சரிசெய்துகொண்டு, "நான்தானுங்க டாக்டரம்மா" என்றது.

ஜோகி கவுடர்.

என் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்டேன். முதலில் கோழியைத் தேடி வந்ததாகச் சொன்னார். கோழி கூட்டுக்குள் கொக்கரிப்பது எனக்கே கேட்டது. பிறகு கம்பளிக்கு அடியிலிருந்து பையை எடுத்துக் காட்டினார். இரண்டு வாரமாக, நான் வருவதற்கு முன்பே வந்து, விரிப்பில் விழுந்திருக்கும் காய்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கேட்காமல் பிறர் தோட்டத்தில் நுழைவது அத்துமீறல் என்றேன். ஒத்துக்கொண்டார். பிறகு என் உள்ளங்கையில் இரண்டு உறைகளை வைத்தார்.

"இதுல எது பழம்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டனுங்க."

இரண்டும் ஒரே நிறம் என்றேன். இரண்டும் பழம்.

"ஒண்ணு பச்சை, டாக்டரம்மா. எலுமிச்சை இலைப் பச்சை."

விரல்களை மூடித் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சரசரத்தது. இன்னொன்று ஈரத் துணி போலக் குழைந்தது. விரலுக்குத் தெரிந்தது. விரல் சொல்வதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

"எனக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு. ஃபாக்டரியில இலை பதமாகிச் செவந்த நிறமே தெரியாம மூக்கை வெச்சே ரெண்டு வருசம் ஓட்டினேன். அப்புறம் கோயமுத்தூர் போய்க் கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். கால் மணி நேரம்."

யார் சொட்டு மருந்து விட்டது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நானேதான். பாதி கன்னத்துல போச்சு. கன்னத்துக்கு இப்ப நல்லாப் பார்வை தெரியுதுங்க."

நான் சிரிக்கவில்லை. பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். பூசைக்குப் போகவில்லை. இன்று காலை வெளிச்சம் மிகவும் குறைவு.

பிப்ரவரி 19

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20

ஜனவரி ஜாமில் ஒரு பாட்டில் அலமாரியில் மிச்சம் இருந்தது. அதை யோகேஸ்வரி முன்னால் வைத்து, இதற்குப் பழம் உரித்தபோது நீ இங்கேதானே இருந்தாய், காய் இருந்ததா என்று கேட்டேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"இருந்துச்சும்மா. நெறையவே."

ஏன் சொல்லவில்லை?

"சொன்னா, 'உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா'ன்னு கேப்பீங்க. உங்களுக்குத்தான் தெரியும்னு நானும் விட்டுட்டேன்."

அந்த வாக்கியத்தை அவளிடம் நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை வைக்கவில்லை.

அவளை அனுப்பிவிட்டு ஜாமை ஒரு கரண்டி சாப்பிட்டேன். சர்க்கரைக்குப் பின்னால் கசப்பு இருந்தது. ஜனவரியிலும் இருந்திருக்கும். அப்போது ருசி பார்த்தேனா? பார்க்கவில்லை. என் ஜாமை நான் ருசி பார்ப்பதில்லை, அவசியம் ஏற்பட்டதில்லை.

ஏழு பேர். ஃபாதர் தவிர ஆறு பேர். எண்பது வயது தாண்டிய சின்னப்பரும் அதில் ஒருவர். இரண்டு நாள் படுக்கையில் இருந்தாராம்.

பிப்ரவரி 23

பூசை முடிந்ததும் மெர்சலினிடம் போனேன். முகத்துக்கு நேரே, இரண்டடி தூரத்தில் போய் நின்று, மெர்சலின்தான் என்று உறுதிசெய்துகொண்டேன். ஜாமில் காய் கலந்துவிட்டது, தவறு என்னுடையது, ஏழு பேரிடமும் நானே சொல்லப்போகிறேன் என்றேன். இந்த வாக்கியத்தை நேற்று நான்கு முறை ஒத்திகை பார்த்தேன். நான்கிலும் 'கோழி' என்ற சொல் உள்ளே வந்தது. ஐந்தாவது முறையில் எடுத்துவிட்டேன்.

மெர்சலின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நான் என் கட்லெட்தான்னு நெனச்சேன். முந்தின நாள் கறி அது. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. யாராவது கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஜாம்னு நானே சொல்லிட்டேன்."

ஆக, அவள் சொன்ன பொய் உண்மையாகவும் நான் சொன்ன உண்மை பொய்யாகவும் இருந்திருக்கிறது. இதில் யார் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று ஃபாதர்தான் சொல்ல வேண்டும். முந்தின நாள் கறியை விருந்துக்குக் கொண்டுவருவது தவறு என்று அவளிடம் சொன்னேன். அழுகை நின்றது.

சின்னப்பர் வீட்டுக்கும் போனேன். அவர், பத்து வருடமாக இல்லாத அளவுக்கு வயிறு சுத்தமாகிவிட்டது, இன்னொரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டார்.

மார்ச் 3

டெல்ஃபின் பேசினாள். குரல் சரியில்லையே என்றாள். சளி என்றேன். கண்ணைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் உடனே காரை எடுத்துக்கொண்டு வருவாள். அவள் காரில் ஏறுவது எளிது. இறங்குவது பதினான்காம் மாடியில்.

மார்ச் 14

ஜாம் செய்தேன். செய்தோம்.

உறை நீக்குவது நான். விரலில் பிசினாக ஒட்டும். வெந்நீரில் கழுவினால் போகும். சரசரக்காத உறை என் கையில் பட்டதும் தனியே வைத்தேன். உரித்த பழத்தை யோகேஸ்வரி பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது புதிய சட்டம். முதல் அரை மணி நேரம் பேசாமலே இருந்தாள். பிறகு ஒரு காயைத் தூக்கிப் பிடித்து, "இது பச்சைம்மா" என்றாள். நல்லது என்றேன். அதோடு விட்டிருக்க வேண்டும். ஒரு கூடைக்கு இருபத்திரண்டு முறை சொன்னாள், அதில் ஆறு நல்ல பழம். அதிகாரம் யாரையும் கெடுக்கும்.

ஜோகி கவுடர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை பார்த்துக் கொடுத்தார். நான் அழைக்கவில்லை. கோழி முட்டை ஆறு கொடுக்க வந்தவர், உட்கார்ந்துவிட்டார்.

நான்கு படி பழத்துக்கு மூன்று படி சர்க்கரை, எலுமிச்சை எட்டு. பழம் வெடித்து, நுரை அடங்கி, தேன் போல ஆனதும் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ள வேண்டும். சொட்டு சுருங்கினால் பதம். சுருக்கம் எனக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. பிறகு ருசி பார்த்தேன். யோகேஸ்வரியையும் கவுடரையும் பார்க்கச் சொன்னேன். கவுடர், தேயிலைத் தூளை ருசி பார்ப்பது போல உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். தொழில் பழக்கமாம். பன்னிரண்டு பாட்டில் நிறைந்து அரைக் கிண்ணம் மிஞ்சியது. அதை அவரிடம் கொடுத்து, விழுங்கச் சொன்னேன்.

கிளம்பும்போது படியில் நின்றபடியே சொன்னார்.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இங்கயே இருங்க டாக்டரம்மா. காலைக்கும் மதியத்துக்கும் யோகேஸ்வரி இருக்குது. சாயங்காலமும் ராத்திரியும் சொட்டு நான் விடறேன். என் கண்ணுலதான் குறி தப்பும். அடுத்தவங்க கண்ணுல தப்பாது."

யோசிக்கிறேன் என்றேன்.

"யோசிங்க. அதுவரைக்கும் எருமைங்க காலையில வரும், வெரட்டாதீங்க."

மார்ச் 19

ஃபாதர் தொபியாஸ் எல்லோர் முன்னிலையிலும் கரண்டியைக் கையில் எடுத்தார். மண்டபத்தில் ஓர் இருமல்கூட இல்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாராம். அது உணவுக்கு முந்திய செபமா வேறு எதுவுமா என்று கேட்கவில்லை. சாப்பிட்டார். பிறகு ரொட்டி கேட்டார். பிறகு இன்னொன்று.

அதற்கு முன்பே எழுந்து நின்று, ஜனவரியில் நடந்தது என் தவறு, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தேன். இரண்டாவது பாதியைச் சொல்வதாகத் திட்டமில்லை. சின்னப்பர், எனக்குக் காது கேட்கவில்லை, என்ன சொன்னாள் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

மாலைக்குள் மெர்சலின் பெங்களூருக்குப் போன் செய்திருப்பாள். ஆகவே இன்றே எழுதியாக வேண்டும்.

மார்ச் 20

டெல்ஃபினுக்கு இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

அன்புள்ள டெல்ஃபின்,

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருடமாவது இருக்கும். பல்பையும் பத்திரிகையையும் திட்டிக்கொண்டு இருந்தேன். ஜாமில் காய் விழுந்தது அதனால்தான். அடுப்பும் அதனால்தான். நீ சொன்னது சரி, காரணத்தில் மட்டும் தவறு. நான் தடுமாறுவது வயதால் அல்ல, கண்ணால்; அதை மறைத்தது பயத்தால். ஆபரேஷனுக்குப் பயமில்லை. உன் அப்பா எத்தனையோ பேரை அதற்கு அனுப்பியிருக்கிறார். திரும்பி வரமாட்டேனோ என்று பயம்.

கோயம்புத்தூரில் ஏப்ரல் ஆறாம் தேதிக்குப் போனில் நாள் வாங்கியிருக்கிறேன். முதலில் இடது கண். நீ வர வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். இதை நான் அடிக்கடி சொல்வதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இரண்டு இரவு உன்னோடு கோயம்புத்தூரில் தங்குவேன். மூன்றாம் நாள் என்னை இந்த வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். சொட்டு மருந்துக்கும் சமையலுக்கும் இங்கே ஆள் ஏற்பாடு ஆகிவிட்டது. விவரம் தனித்தாளில் இருக்கிறது. நீயும் விடுப்பு எடுத்து ஒரு வாரம் இங்கே இருப்பதானால், உன் அறையைத் திறந்து வெயில் காட்டி வைக்கிறேன்.

நீ பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் போனில் எதைச் சொன்னாலும் "சரி மம்மி, சரி மம்மி" என்கிறாய். பிறகு அன்பு மிகுந்துபோய் வேறு ஒன்றைச் செய்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அது போதாது. மூன்றாம் நாள் என்னைக் கோத்தகிரிக்குக் கூட்டிவருவாய் என்பதை ஒரு தாளில், உன் கையால், நான் யாரையும் கேட்காமல் நானே படிக்கக்கூடிய அளவு பெரிய எழுத்தில் எழுதி, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் தபாலில் பதில் அனுப்பு.